பிளஸ்ஸா மைனஸா, அதைச் சொல்லுங்கப்பா!

டிவிடி ரெக்கார்டர் பெட்டியில் 'ஆர்டபிள்யூ' (அழித்து அழித்து எழுதும் வட்டு) என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அது டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூவா, டிவிடி மைனஸ் ஆர்டபிள்யூவா (இரண்டும் வேறு வேறு வகை) என்பது மட்டும் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். தலைவலியே அங்கேதான்.

பிளஸ் வட்டைப் பெரும்பாலும் ஃபைனலைஸ் செய்யாமலே (அதாவது, மற்ற பிளேயர்களில் ஓடும்படி பதிவை முடித்து மூடாமலே) வேறு பிளேயரில் போடலாம். மைனஸ் வட்டில் சாதாரண டிவிடி மாதிரிப் பதியும் வீடியோ மோடில் பதிந்தால் ஃபைனலைஸ் பண்ணியே தீரவேண்டும். மறுபடி பதிய அந்த ஃபைனலைஸை நீக்கவேண்டும். பதிந்ததைத் திருத்த வசதியுள்ள விஆர் மோடில் நடுவில் வரும் விளம்பரத்தை வெட்டி எறியலாம். ஆனால் பழைய பிளேயர் அந்த வட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டிவிடி ரேம் என்ற மூன்றாவது வகை வட்டு லட்சம் தடவை அழித்தெழுதத் தாங்கும் (மற்ற இரண்டும் சுமார் ஆயிரம்தான்), பதிவு ஓடும்போதே முன்பகுதியைப் பார்க்கலாம். என்ன பிரயோஜனம், பக்கத்து வீட்டு பிளேயரில் ஓடாதே!

வேகக் கூத்து வேறு ('எக்ஸ்' என்றால் எழுதும் வேகம் எத்தனை மடங்கு என்பது). 8 எக்ஸ் பிளஸ் ஆர்டபிள்யூ வட்டில் 4 எக்ஸ் காலத்து ரெக்கார்டர் எழுதாது. வட்டில் பழுது என்று தூக்கி எறியாதீர்கள். அதேபோல, ஆர்டபிள்யூ வட்டு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அதனால் சில பழைய பிளேயர்கள் அதை இரட்டை அடுக்கு வட்டு என்று குழம்பி 'நோ டிஸ்க்' காட்டும்.

ஆகவே, வீட்டு பிளேயரில் ஓடும் வட்டு எது என்று பார்த்துவிட்டு ரெக்கார்டர் தேடுங்கள். கடையில் 5 நிமிடம் பதிந்து காட்டச் சொன்னால் மட்டும் முறைக்கிறார்கள்.