'கர்த்தருக்கே மகிமை' எந்த வரியில் வருகிறது?

பதவி உயர்வு, தேர்வு முடிவு, புது வீடு. எதைப் பதிவிட்டாலும் கடைசி வரியில் 'எல்லா மகிமையும் கர்த்தருக்கே' என்று போட்டுவிடுகிறோம். போடுவது தப்பில்லை. அந்த வரியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு மீதியை வாசித்துப் பாருங்கள். முழுக்க 'நான், என், எனக்கு' என்றே ஓடினால், கடைசி வரி வெறும் முத்திரை. உள்ளே இருக்கிற சரக்கு வேறு.

லூக்கா 18-இல் வரும் பரிசேயனும் (வேதச் சட்டத்தைக் கறாராகக் கைக்கொள்ளும் யூத மதக்குழுவினன்) ஸ்தோத்திரத்தில்தான் ஆரம்பிக்கிறான். வாய் திறந்ததுமே 'உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்', அடுத்த மூச்சில் தூரத்தில் நிற்கிற ஆயக்காரனுக்கு, அதாவது வரி வசூலிப்பவனுக்கு, ஒரு குத்து, பிறகு வாரத்தில் இரண்டு உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் என்று கணக்கு ஒப்பிப்பு. தேவன் நமக்குச் செய்ததைச் சொல்லும் நம் சாட்சிகளில் பாதி இந்த வடிவில்தான் இருக்கின்றன.

இதற்குப் பயந்து சிலர் மறுகோடிக்கு ஓடுகிறார்கள். 'நான் ஒண்ணுமே பண்ணலை, எல்லாம் அவர் செய்தது' என்பார்கள். ராத்திரி பகலாகப் படித்தவர் அப்படிச் சொன்னால் அது பொய். தாழ்மைக்குப் பொய் தேவையில்லை. யோசேப்பைப் பாருங்கள். சிறையிலிருந்து அவசரமாக அழைத்து வருகிறார்கள், சவரம் பண்ணி உடை மாற்றி, தன் சொப்பனத்துக்கு அர்த்தம் கேட்கும் எகிப்து ராஜாவான பார்வோன் முன் நிற்கிறான். முதல் வாக்கியமே 'நான் அல்ல, தேவனே.' அதோடு வாயை மூடிக்கொள்ளவில்லை. சொப்பனத்தின் அர்த்தத்தைச் சொல்லி முடித்து, செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துப் பட்டணங்களில் சேமிக்கச் சொல்கிறான். அந்தத் திட்டத்தை அவன் கூச்சப்பட்டு மழுப்பவே இல்லை. பவுலும் அப்படித்தான். 1 கொரிந்தியர் 15:10-இல், மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று கூசாமல் எழுதுகிறார், எழுதிய கையோடு அது தேவகிருபை என்கிறார். உழைப்பை மறைக்காமல், அந்த உழைப்பே எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறார்.

ஆகவே செய்ய வேண்டியது, பெற்றுக்கொண்டதைப் பெயர் சொல்லி எழுதுவது. 'உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?' என்ற 1 கொரிந்தியர் 4:7-ஐத் தாளின் தலைப்பில் எழுதி, நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் செய்தது. வலப்பக்கம், அதைச் செய்ய உங்களுக்கு யார் மூலம் என்ன வந்தது. 'கிருபை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் வேலைக்காகாது. தேர்வு நாளில் காய்ச்சல் வராதது, மூன்று முறை அதே கணக்கைச் சலிக்காமல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், குழந்தையைப் பார்த்துக்கொண்ட அக்கா என்று இறங்கி எழுத வேண்டும். வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும்.

அந்த மனிதர்களின் பெயர்கள் சாட்சியிலும் வர வேண்டும். 'மனுஷரை அல்ல, தேவனை மட்டும் மகிமைப்படுத்துகிறேன்' என்று கூட உழைத்த குழுவின் பெயரை விழுங்குவது பக்தி இல்லை, பாராட்டுத் திருட்டு. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 16-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள்: பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவுக்குக்கூட ஒரு வரி உண்டு.

என்னைக் கேட்டால் மிகவும் காயப்படுத்துவது, 'கர்த்தர் என்னை வாலாக்காமல் தலையாக்கினார்.' உபாகமம் 28:13 ஒரு தேசத்துக்கு, கீழ்ப்படிந்தால் என்ற நிபந்தனையோடு சொன்ன வாக்குத்தத்தம். அதைப் பதவி உயர்வுக்கு ஒட்டினால், அதே பதவிக்கு ஜெபித்துக் கிடைக்காமல் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் வாலா? சபையில் சாட்சி சொல்லும்முன், அவர் காதில் இது எப்படி விழும் என்று ஒருமுறை யோசித்து, ஒப்பிடும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். சாட்சிக்கு மூன்று நிமிஷம் தாராளம்.

நேரில் யாராவது பாராட்டினால் பிரசங்கம் வேண்டாம். 'நன்றிங்க, அந்தக் கடைசி வாரம் ஆண்டவர் தெம்பு கொடுத்தார், கூட இருந்தவங்களும் தாங்கினாங்க.' அவ்வளவு போதும். அவர் உங்களைப் பாராட்டியதற்காக அவரைத் திருத்த வேண்டியதில்லை.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் திருச்சபை இசைக்கோவைகள் பலவற்றின் முடிவில் 'தேவனுக்கே மகிமை' என்பதற்கான மூன்று லத்தீன் எழுத்துகளைப் போட்டது பலருக்குத் தெரியும். தொடக்கத்தில் 'இயேசுவே, உதவும்' என்பதற்கான இரண்டு எழுத்துகளையும் போட்டதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. முதல் சுரத்துக்கு முன்பே உதவி கேட்டவர் முடிவில் நன்றி சொல்கிறார், கணக்கு நேராகிறது. வேலை தொடங்கும்போது நினைக்காதவரை முடிவில் மட்டும் இழுத்து வரும்போதுதான் அந்த வரி ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் பணம். உபாகமம் 26-இல் விளைச்சலின் முதல் பங்கான முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் 'நான் விதைத்தேன், நான் அறுத்தேன்' என்று சொல்வதில்லை. நாடோடியாய் அலைந்த முற்பிதாவிலிருந்தும் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்தும் தொடங்குகிறான். கூடையை வைத்துவிட்டு, ஆலய ஊழியம் செய்யும் கோத்திரத்தைச் சேர்ந்த லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. ஆகவே உயர்ந்த சம்பளத்தின் முதல் மாதத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கி, யாருக்கு என்று பதிவில் எழுதாமல் கொடுத்துவிடுங்கள். பதிவை ஒருநாள் தள்ளிப்போடலாம். வலப்பக்கம் எழுதின பெயர்களுக்கு அதற்குள் ஒவ்வொருவராகப் போன் போட்டுவிடலாம்.