செர்னோபில் மண் 20,000 ஆண்டுகளுக்கு எதற்கும் உதவாதா?

1986 அணு உலை விபத்தில் மாசடைந்த செர்னோபில் நிலம் முழுவதும் இன்னும் 20,000 ஆண்டுகளுக்கு எந்தப் பயன்பாட்டுக்கும் உதவாது என்று ஒரு செய்தி சமூக ஊடகங்களில் பரவி வருகிறது. இது பாதி உண்மையைப் பெரிதாக்கிச் சொல்வது.

அந்த நீண்ட கணக்கு, சுமார் 24,100 ஆண்டு அரை ஆயுள் (பாதியாகக் குறைய எடுக்கும் காலம்) கொண்ட புளூட்டோனியம்-239 என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் உலையை ஒட்டிய பகுதிகளிலேயே படிந்தது. தொலைவில் இருக்கும் வயல்களை முதன்மையாகப் பாதித்தது சீசியம்-137 என்ற மற்றொரு கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டுகள் என்பதால், அன்று படிந்ததில் பாதிக்கும் குறைவே இன்று எஞ்சியுள்ளது.

மேலும், சீசியம் களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்துகொள்ளும் தன்மையுடையது; அதனால் பயிர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பயிர்களின் வேர்கள் அதைப் பொட்டாசியம் என்றே எண்ணி உறிஞ்சுவதால் (வேர் ஏமாறுகிறது என்றே சொல்லலாம்), பொட்டாசிய உரத்தைக் கூடுதலாக இட்டால் விளைபொருளில் சேரும் அளவு குறைகிறது. பெலாரசில் மாசடைந்த நிலங்களில் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் பயிரிடப்பட்டதற்கும் காரணம் உண்டு: கதிரியக்கத் தனிமங்கள் அதன் எண்ணெயில் மிகக் குறைவாகவே சேர்கின்றன.

உலைக்கு அருகிலேயே 2018-இல் ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. மண்ணைத் தோண்டக் கூடாது என்பதால் அதன் தகடுகள் கான்கிரீட் கட்டைகளின் மேல் நிற்கின்றன. இதனால் அங்கே குடியேறலாம் என்று பொருளல்ல. உலையைச் சுற்றி மக்கள் வெளியேற்றப்பட்ட விலக்கு மண்டலத்தில் குடியிருப்புக்கான தடை இன்றும் நீடிக்கிறது.