"எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று சொல்லி விற்ற லேப்டாப்

மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்வீஸ் கடை மேஜையில் அக்காவின் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்த அன்றிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரேம், அதாவது ஓடுகிற வேலையைத் தாங்கும் மெமரி, அதை மாட்டும் ஸ்லாட் எங்கே என்று கேட்டேன். சர்வீஸ் தம்பி ஸ்க்ரூடிரைவர் நுனியால் போர்டைத் தொட்டுக் காட்டினார். நகத்தளவு கறுப்பு சிப்கள் நான்கு, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துக் கிடந்தன. "இதுதாண்ணா உங்க 8 ஜிபி. கழட்டவும் முடியாது, கூட ஒண்ணு போட இடமும் இல்லை."

விற்கும்போது கடையில் சொன்னது என்ன தெரியுமா? "இப்போதைக்கு 8 போதும்க்கா. அப்புறம் வேணும்னா 16 ஏத்திக்கலாம்." எங்கே ஏற்றுவது?

அக்கா திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். பையன் இந்த வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தான். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்று டிராயிங் எல்லாம் கம்ப்யூட்டரில் போட வேண்டிய படிப்பு. கழுத்துச் செயினை அடகு வைத்து 62 ஆயிரம் ரூபாயோடு பாண்டிக்குப் பஸ் ஏறினாள். கடலூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை, பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டினாலே எல்லாம் விலை குறைவு என்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து லேப்டாப்புக்கு இரண்டு ஊரிலும் அதே 18 சதவீத வரிதான். ஆனால் பழக்கம் போகவில்லை, போனாள்.

நான் நெய்வேலியில் வேலையில் இருந்தேன். கடையிலிருந்து போன் செய்தாள். "டேய் தம்பி, ஐ7 சொல்றாங்கடா. எடுத்துடவா?" நான் கேட்கச் சொன்னது இரண்டே விஷயம். ஐ7 என்பது லேப்டாப்பின் மூளையான இன்டெல் சிப்பின் வரிசைப் பெயர்; அதற்குப் பின்னால் இருக்கும் நம்பர், கடைசி எழுத்தோடு முழுதாக வேண்டும். ரேம் ஏற்ற முடியுமா என்று தெரிய வேண்டும். விற்பவர் சொன்ன பதில் போனிலேயே என் காதில் விழுந்தது: "நம்பர்லாம் கம்பெனிக்காரன் வைக்கிறதுக்கா. எல்லா ஐ7-உம் ஒண்ணுதான். பத்து கோர் இருக்கு. கண்ணை மூடிட்டு எடுங்க."

அந்த நம்பர் ஐ7-1255யு. அதே அலமாரியில், கிட்டத்தட்ட அதே விலையில், ஐ5-12450ஹெச் போட்ட லேப்டாப்பும் இருந்ததாகப் பையன் பிறகு சொன்னான். பெயரைப் பார்த்தால் ஐ7 பெரிது, ஐ5 சிறிது. கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) எண்ணிக்கையிலும் அது பத்து, இது எட்டு. யாராக இருந்தாலும் ஐ7-ஐத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பத்து கோரில் கனமான வேலை செய்யும் பெரிய கோர் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்க வைத்த சின்ன கோர்கள். ஐ5-இல் பெரியது நான்கு, சின்னது நான்கு. தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பத்துப் பேர் கயிறு பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னால் போதுமா? அதில் எட்டுப் பேர் பள்ளிக்கூடப் பையன்கள் என்றால் வலை எப்படிக் கரைக்கு வரும்?

கடைசி எழுத்து அதைவிட முக்கியம். இன்டெல் கணக்குப்படி 1255யு-வின் அடிப்படை மின்திறன் 15 வாட், 12450ஹெச்-க்கு 45 வாட். கனமான வேலையைத் தொடர்ந்து இழுக்க அந்த மின்திறன் வேண்டும். யு வகை கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். லெட்டர் டைப் செய்ய, பாடம் பார்க்க, பேட்டரி நிற்க, பையில் கனக்காமல் இருக்க அது நல்ல சிப். ஆனால் முப்பரிமாண டிராயிங் போட வந்த பையனிடம் அதைத் தள்ளிவிட்டு, "ஐ7, உச்சம்" என்று சொல்வது பச்சைத் துரோகம். வாடிக்கையாளர் என்ன வேலைக்கு வாங்குகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை.

இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி கம்பெனி பக்கம் போனால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. ஒரே இலக்கம்தான் வித்தியாசம். முதலாவதில் நான்கு கோர். 2022-இல் வந்த சிப் என்றாலும் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. இரண்டாவதில் ஆறு கோர், ஜென் 3. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே எந்தத் தலைமுறை என்று சொல்லும். இதை ஒரு தையல்காரப் பெண்மணி எப்படித் தெரிந்துகொள்வாள்? தெரிந்தவர் எதிரே நிற்கிறார், அவர்தான் சொல்ல வேண்டும். அவரோ "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார்.

கிராபிக்ஸ் விஷயத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. "4 ஜிபி கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு" என்று பையனிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்று ஏறக்குறைய 3.9 ஜிபி காட்டியது. கடைக்காரர் சொன்ன 4 ஜிபி இதுதான். அது தனி மெமரியே கிடையாது. இருக்கிற 8 ஜிபி ரேமில் பாதிவரை கிராபிக்ஸ் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று விண்டோஸ் போடும் கணக்கு. ஒரே 8 ஜிபியை ஒரு தடவை ரேம் என்றும், இன்னொரு தடவை கிராபிக்ஸ் என்றும் சொல்லிக் காசு வாங்கிவிட்டார்கள். விளம்பரத் தாளில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்று இன்டெலின் உயர்ந்த ரகப் பெயரைப் போட்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் வெறும் யுஹெச்டி என்று வந்தது. ரேம் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு பாதையில், இருந்தால்தான் ஐரிஸ் என்ற பெயரே அதற்குப் பொருந்தும் என்று இன்டெலே சொல்கிறது. இதில் ஒற்றைச் சேனல்.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி உண்டு. கழற்றி மாட்டும் ரேம் என்றால் 'சோடிம்' என்று இருக்கும். எங்களுடையதில் 'ரோ ஆஃப் சிப்ஸ்'. பற்றவைத்தது என்று அர்த்தம். சில மாடல்களில் பற்றவைத்ததோடு கூடுதலாக ஒரு ஸ்லாட்டும் இருக்கும், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கடையில் ஷோவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். தயவுசெய்து பாருங்கள்.

ஃபைல்களைச் சேமிக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்று காட்டுகிறதே என்று அக்கா பயந்தாள். அதில் ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ்தான், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

சாலிட்வொர்க்ஸ் தன் தேவைப் பட்டியலில் 16 ஜிபி அல்லது அதற்கு மேல் என்று எழுதியே வைத்திருக்கிறது. பையன் ஒரு அசெம்பிளி ஃபைலைத் திறந்தால் மௌஸ் நகர மறுக்கிறது. "மாமா, பரவாயில்ல மாமா, நான் காலேஜ் லேபிலேயே முடிச்சிட்டு வந்துடறேன்" என்கிறான். தினமும் கடைசி பஸ்ஸில் வருகிறான். அம்மா மனது நோகக் கூடாதென்று அவள் எதிரே லேப்டாப் நன்றாக ஓடுகிறது என்று சொல்கிறான். அந்தப் பிள்ளை பொய் சொல்ல வேண்டிய நிலைமையை யார் உண்டாக்கியது?

கடைக்குத் திரும்பப் போனோம். "பாக்ஸ் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். ரேம் ஏற்றலாம் என்று சொன்னீர்களே என்றால், "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே சார். எங்கயாவது எழுதிக் கொடுத்திருக்கோமா?" பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கேட்டவள் அவள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

சரி, எழுத்தில் இல்லாவிட்டால் என்ன? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றி வாயால் சொன்ன பொய்யையும் நியாயமற்ற வணிகம் என்றே சொல்கிறது. கடை பாண்டியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.

மனு எழுத உட்கார்ந்தபோதுதான் பில்லைச் சரியாகப் பார்த்தேன். 'லேப்டாப் ஐ7 8ஜிபி, 1 எண், ரூ.62,000.' மாடல் நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. அரிசிக் கடை பில்லில்கூடப் பொன்னியா, ஐஆர்20-ஆ என்று எழுதுகிறார்கள். இனி யார் லேப்டாப் வாங்கினாலும், முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பில்லில் ஏறும்வரை பணத்தைக் கையை விட்டு விடாதீர்கள். "ரேம் ஏற்றலாம்" என்றால் அதையும் அதே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டியை அக்கா தூக்கிப் போடாமல் பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தாள். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் முழு நம்பரும் இருக்கிறது, கடைசியில் அந்த யு-வோடு. படம் எடுத்து மனுவோடு இணைத்துவிட்டேன். அந்த நான்கு சிப்களின் படமும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.