மூட்டை தூக்குகிறவர் பாட்டு, நமக்கு ரீல்ஸ்

நாகாலாந்து பற்றி ஒரு படம் பார்த்தேன் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "என்ன, துப்பாக்கிச் சண்டையா?" என்றார். இல்லைங்க, நெல் நடவு என்றேன். பேச்சை மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் 1958இல் வந்ததே நாகா மலைகளை வைத்துத்தான். எல்லைப்புறம் என்றால் நமக்குச் செய்தியாக வந்து சேர்வது அது மட்டும்தான்.

படம் 'கோ கி பா லூ', ஆவணப்படம். அனுஷ்கா மீனாட்சி, ஈஸ்வர் ஸ்ரீகுமார் இருவரும் எடுத்தது, 2017இல் வந்தது, 83 நிமிடம். மியான்மர் எல்லைக்குப் பக்கத்தில் ஃபெக் என்றொரு ஊர். சுமார் 5,000 பேர், அநேகமாக எல்லோருமே தங்கள் வீட்டுச் சோற்றுக்காக நெல் போடுகிறவர்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வயல். தனியாளாக ஒன்றும் ஆகாது, அதனால் கூட்டம் சேர்ந்து வேலை செய்கிறார்கள், செய்யும்போதே பாடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு 'லி' என்று பெயர்.

ஒரு குரல் இழுத்துக்கொண்டே போகும், அது அடங்குவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வேறு சுருதியில் வந்து மேலே ஏறிக்கொள்ளும். அறுவடை முடிந்து நெல்லைச் சுமந்துகொண்டு செங்குத்தான மேட்டில் ஏறும்போதும் பாட்டு நிற்பதில்லை. ஒருவருக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். (இரண்டாவது மாடிக்கே லிஃப்ட் தேடுகிற ஆள் நான்.) பாடுவது காதலைப் பற்றி, ஆனால் அந்த 'நீ' காதலன் காதலி மட்டுமில்லை, பக்கத்தில் மண்வெட்டி பிடித்து நிற்கிற ஆளும்தான் என்று போகப்போகப் புரிகிறது.

எனக்கு எரிச்சல் வருவது இந்த மாதிரிப் பாட்டை நாற்பது நொடி வெட்டி "மனசுக்கு அமைதி" என்று போடுகிறவர்கள் மேல். அமைதியா? முதுகு ஒடிகிற வேலை சார் அது. இன்னொரு கூட்டம் உடனே "அழிந்துவரும் கலை, காப்பாற்ற வேண்டும்" என்று மேடை போடக் கிளம்பிவிடும். மேடையில் மண் இருக்கிறதா, மூட்டை இருக்கிறதா? ஒருவர் வயலுக்கு இன்னொருவர் இறங்கும் பழக்கம் இருக்கிறவரை பாட்டு இருக்கும், அது போனபிறகு ஒலிப்பதிவு மட்டும் இருக்கும், அவ்வளவுதான். படம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பாட்டைத் தனியாகப் பிய்த்து எடுக்காமல் வேலையோடு சேர்த்தே நீளமாக ஓடவிட்டிருக்கிறார்கள். நடுவில் எனக்கே ஒருமுறை பொறுமை போனது, நிஜம்.

எங்காவது திரையிட்டால் போய்ப் பாருங்கள். போனில் பார்ப்பதாக இருந்தால் ஹெட்போன் கண்டிப்பாக வேண்டும், போன் ஸ்பீக்கரில் அடியில் ஓடுகிற கனத்த குரல்கள் காதிலேயே விழாது.