மெத்தனால் எலக்ட்ரான் எப்போதும் என்ஏடி வழியாகப் போவதில்லை
பாக்டீரியா மெத்தனாலை எப்படிப் பயன்படுத்துகிறது என்று விளக்கும் இந்தக் கட்டுரை, மெத்தனாலின் எலக்ட்ரான்கள் என்ஏடி-யில் (எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறு) ஏறி சுவாசச் சங்கிலி (எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வரை கைமாற்றும் புரத வரிசை) முழுவதையும் கடக்கின்றன என்று சொல்வது எல்லா பாக்டீரியாவுக்கும் பொருந்தாது. இலைகளில் வாழும் இளஞ்சிவப்பு மெத்திலோபாக்டீரியத்தில் மெத்தனாலிலிருந்து எலக்ட்ரான்களை எடுக்கும் நொதியான மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் இருப்பதே செல்லின் இரு சவ்வுகளுக்கு நடுவே, பெரிப்பிளாசத்தில். அங்கே என்ஏடி-க்கு வேலை இல்லை. பிக்யூக்யூ என்ற துணைக்காரணி எலக்ட்ரான்களை வாங்கி, ஒவ்வொன்றாக சைட்டோகுரோம் சி-எல் என்ற எலக்ட்ரான் கடத்தும் புரதத்திடம் கொடுக்கும். அது சைட்டோகுரோம் சி-எச்சிடம், அப்புறம் ஆக்சிடேஸ் நொதி, கடைசியில் ஆக்சிஜன். என்ஏடி-யிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கும் காம்ப்ளக்ஸ் 1 இந்தப் பாதையில் வரவே வராது, அதனால் இந்தப் படியில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) வரவும் குறைச்சல்தான். ஆய்வகத்தில் இந்த நொதியை அளக்க என்ஏடி சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. அதற்கு வேண்டியவை பிஎச் 9, கொஞ்சம் அமோனியம் குளோரைடு, எலக்ட்ரான்களைக் கடத்தும் பினசின் மெத்தோசல்ஃபேட், அவற்றை வாங்கும் நீல டிசிபிஐபி சாயம். நொதி வேலை செய்தால் அந்த நீலம் கண்ணெதிரே வெளுத்துப் போகும். கட்டுரையில் உள்ள என்ஏடி படம் பேசில்லஸ் மெத்தனாலிகஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்றால் சரி. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் மெத்தனால் டிஹைட்ரஜனேஸுக்குக் கால்சியம் கட்டாயமா என்று கேட்டிருக்கிறார். எல்லா பாக்டீரியாவிலும் இல்லை. நேப்பிள்ஸ் அருகே சொல்ஃபட்டாரா எரிமலைச் சேற்றில் கிடைத்த, மீத்தேன் உண்ணும் மெத்திலாசிடிஃபைலத்தின் நொதி லாந்தனம், சீரியம் போன்ற அருமண் உலோகத்தைத்தான் கேட்கிறது. அது இல்லாமல் அந்த பாக்டீரியா வளராது என்று 2014-இல் காட்டிவிட்டார்கள்.