தலை பக்கம் அகஸ்டஸ், பூ பக்கம் பேரன்கள்

ரோமானியக் காசு என்றாலே நம்மாட்கள் பதிவுகளில் ஒரே பல்லவிதான். மிளகு போச்சு, காசு வந்துச்சு, ரோமே நம்மிடம் கைகட்டி நின்றது. சரிப்பா, அந்தக் காசில் என்ன படம் இருக்கு என்று கேட்டால் சத்தமே வராது.

கொங்குப் பக்கம் குவியல் குவியலாகக் கிடைத்த தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசில் அதிகம் தென்படுவது இரண்டே வகை. ஒன்றை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்தேன். ஐம்பது பைசாவை விடச் சிறிசு, நாலு கிராம்கூட வராது. தலை பக்கம் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ். பூ பக்கம் இரண்டு பையன்கள், ஆளுக்கொரு கேடயத்தில் கை வைத்து நிற்கிறார்கள், பின்னால் ஈட்டி. மேலே ஒரு கரண்டியும் ஒரு வளைந்த கோலும். (பக்கத்தில் நின்றவர் துடுப்பு என்றார்.) கீழே அட்டையில் ‘ரோமானிய நாணயம், வெள்ளி’. அவ்வளவுதான்.

அந்தக் கரண்டி பூசையில் மது வார்ப்பது. மூத்தவன் கயஸ் குருமார் சபையில் இருந்தான், அதற்கு அடையாளம். கோல், பறவை பார்த்து நிமித்தம் சொல்பவர்களுடையது. இளையவன் லூசியஸுக்கு அந்தப் பதவி. இருவரும் அகஸ்டஸின் மகள் ஜூலியா பெற்ற பிள்ளைகள். மகன் இல்லாத மனிதர் பேரன்களையே மகன்களாகத் தத்தெடுத்து, கையளவு வெள்ளியில் ஊருக்குச் சொல்லிவிட்டார்: எனக்கப்புறம் இவங்கதான். தலைவர் படத்துக்குப் பக்கத்தில் வாரிசு படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைப்போமே, அதேதான்.

கி.பி. 2இல் லூசியஸ் போய்ச் சேர்ந்தான், வயது 18. இரண்டே வருடத்தில் கயஸும். 14இல் பட்டத்துக்கு வந்தது டைபீரியஸ், அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர். இரண்டாவது வகைக் காசு அவருடையது. பூ பக்கம் கையில் கிளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். லிவியாதான் என்பது பலர் கருத்து. அப்படியென்றால் பேரன்கள் நின்ற இடத்தில் சித்திப் பாட்டி வந்து உட்கார்ந்துவிட்டாள்!

வருடத்துக்கு 225 தெனாரியஸ் சம்பளம் வாங்கிய ரோமானியச் சிப்பாய்க்கு இந்தக் குடும்பக் கதை தெரிந்திருக்கும். நம்மூர் வியாபாரிக்கு எவன் பேரனாக இருந்தால் என்ன? அவர் பார்த்தது வெள்ளியை. கி.பி. 64இல் பேரரசர் நீரோ காசின் எடையையும் அதிலிருந்த வெள்ளியையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசு நம் பக்கம் அரிது. புதுக்கோட்டைக் குவியலின் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேலேயே உளி வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வெட்டியவருக்குக் கை நடுங்கியதாகத் தெரியவில்லை.