கடன் கிடைக்கிறது, வேலை கிடைக்கவில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்கா சமையல் வேலை எடுத்துச் செய்கிறார். ரப்பர் தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பம். கல்யாணம், கோயில் அன்னதானம் என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். போன வருடம் ஓர் அரசாங்கப் பயிற்சிக்கு 3 நாள், 80 பேருக்கு மதியச் சாப்பாடு. விடியற்காலை எழுந்து சமைத்தது அக்காவும் கூட இரண்டு பெண்களும். குத்தகை மட்டும் வேறொருவர் பெயரில். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க 4 மாதம் ஆனது. அதற்குள் கோழிக் கடைக் கடனுக்காக அக்காவின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது.

"நீங்களே அந்தக் குத்தகையை எடுத்திருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன். "எனக்கு யாரும்மா கொடுப்பா?" என்றார்.

உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனில், இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் இருக்கிறது. 2024-இல் குறுங்கடன் அமைப்பான அமானா இக்தியார் வழியாக இந்தியப் பெண்களுக்கென்றே 5 கோடி ரிங்கிட்டில் 'பெண்' திட்டம் வந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் கடனில் பெரிய அடுப்பு வாங்கியபின் யாருக்குச் சமைப்பது? கல்யாண மாதங்கள் முடிந்தால் அடுப்பு சும்மா இருக்கும், தவணை சும்மா இருக்காது. வருடம் முழுக்கச் சாப்பாடும் துப்புரவும் தையலும் வாங்குவது அரசாங்கம்தான். நம் பெண்களுக்குக் கைவந்த வேலைகள் அவை.

பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) நிறுவனங்களுக்கு அரசு வேலைகளில் ஒதுக்கீடும் விலைச் சலுகையும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லியே நாம் உட்கார்ந்துவிடுகிறோம். எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலைகளும் உண்டு, அவற்றுக்குக்கூட நாம் விண்ணப்பிப்பதில்லை. ஏன் என்பது அக்காவோடு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. தொழில்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் வருடத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் கடைப் பெயரைப் பதிந்திருக்கிறார். சரி. அப்புறம் அரசாங்கத்துக்கு விற்க நிதியமைச்சின் இணையக் கொள்முதல் தளமான இ-பெரோலேஹானில் பதிவு. அக்கா மலாய் நன்றாகப் பேசுவார், மொழி பிரச்சினை இல்லை. ஆனால் அந்த நீளமான 'கோட் பிடாங்' (தொழில் துறை எண்) பட்டியலில் தன் தொழிலுக்குரிய எண் எது என்று யார் சொல்வது? தொழில் பெயரில் வங்கிக் கணக்கு அறிக்கை கேட்கிறார்கள். அக்காவின் இத்தனை வருட வரவும் கணவர் கணக்கில்தான் இருக்கிறது. உழைத்தது இவர், ஏட்டில் இவர் பெயரே இல்லை.

நம் ஊர்க்காரர், அந்நாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மாதம் 10 வெள்ளி கட்டி, ரப்பர் பால் வெட்டிய மக்களே தோட்டம் வாங்கினார்கள். அப்படி வீடு தேடி வரும் ஆள்தான் இப்போதும் வேண்டும். இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா இதுபோன்ற ஒவ்வொரு ஊரிலும் ஒருவரை உட்கார வைக்கட்டும். ஒருநாள் பட்டறை நடத்திப் படம் எடுத்துப் போவது போதாது, முதல் ஆர்டர் கைக்கு வரும்வரை அவர் கூட இருக்க வேண்டும். 2025-இல் அரசுக் கொள்முதலுக்கென்றே ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்கீழ் வரும் விதிகளில், சமைத்தவருக்கு 30 நாளில் பணம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லி நம் பிரதிநிதிகள் கேட்கட்டும்.

அக்காவுக்கு இப்போது தொழில் பெயரில் கணக்கு திறந்தாகிவிட்டது. வரும் சனிக்கிழமை காலை அவர் வீட்டில்தான் இருப்பேன். இதே தொழில் செய்யும் சகோதரிகள் எஸ்எஸ்எம் பத்திரத்தையும் வங்கி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே பதிவோம்.